வண்ணம்: கு. செண்பகவல்லி

அக்டோபர் 6

வேலை வந்துவிட்டது. தொண்ணூற்றாறு பக்கப் படக்கதை, முழுவதும் வண்ணம், ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கு வந்தாக வேண்டும். தனுஷ்கோடி அண்ணாச்சி போனில் சொன்னபோது தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். கிரைண்டரை நிறுத்திவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"அண்ணாச்சி, இந்தத் தடவையாவது என் பேரு போடுவீங்களா?"

பத்தொன்பது வருடமாக இந்தச் சிவகாசியில் கணினியில் வண்ணம் போடுகிறேன். மத்தாப்புப் பெட்டியில் சிரிக்கிற குழந்தைக்கு, காலண்டர் முருகனுக்கு, எத்தனையோ படக்கதைக்கு. கதை எழுதியவர் பேர் இருக்கும், படம் வரைந்தவர் பேர் இருக்கும், அச்சகத்தின் விலாசம் பின்கோடோடு இருக்கும். என் பேர் மட்டும் எங்கும் இருக்காது. வண்ணம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது என்று நினைப்பார்கள் போலிருக்கிறது.

"போட்டுருவோம் தாயி. மொதப் பக்கத்துலயே போட்டுருவோம்" என்றார் அண்ணாச்சி. புத்தகம் வெளியிடுகிறவரும் அவர்தான், அச்சகமும் அவருடையதுதான். சொன்னால் செய்வார்.

எழுதிப் பார்க்கிறேன். வண்ணம்: கு. செண்பகவல்லி. நன்றாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 8

கதையின் பேர் 'எட்டுப் பாகம்'. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். கடலின் ஆழத்தை அப்படித்தான் அளப்பார்களாம். முன்னூறு வருடத்துக்கு முந்தைய கதை. நாச்சி என்ற பெண், செத்துப்போன அண்ணனின் வேடம் போட்டு முத்துக் குளிக்கப் போகிறாள். வரைந்திருப்பவள் தூத்துக்குடி ஜெனோவா, இருபத்தேழு வயது. என்ன கோடு! ஒரு கோட்டில்கூடப் பயம் இல்லை.

அவள் அனுப்புவது வெறும் கறுப்புக் கோடு. அதை மேலே ஒரு லேயரில் பூட்டி வைத்துவிட்டு, அடியில் நான் தட்டையாக நிறங்களை நிரப்புவேன். தோல், முடி, துணி, தண்ணீர் எல்லாம் தனித்தனியாக. அதற்கு மேல்தான் நிழல், வெளிச்சம். காகிதத்துக்குப் போகும் எந்த நிறமும் நான்கு மைகளின் கலவைதான்: சியான் என்கிற நீலம், மெஜந்தா என்கிற சிவப்பு, மஞ்சள், கறுப்பு. எது எத்தனை சதவீதம் என்று திரையின் மூலையில் ஒரு கட்டத்தில் எண்கள் ஓடும். சிலர் அந்த எண்களைப் பார்த்துத்தான் வேலையே செய்வார்கள். எனக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. அந்தக் கட்டத்தை நான் திறந்தே வைப்பதில்லை. கண் எதற்கு இருக்கிறது?

அக்டோபர் 13

டியூப்லைட் மங்கிவிட்டது. புதிதாக மாட்டச் சொன்னேன். இவர் ஸ்டூல் போட்டு ஏறி மாட்டிவிட்டு, "பழசும் நல்லாத்தான எரிஞ்சுது" என்றார். காலண்டருக்குத் தகரப் பட்டை அடிக்கிற மனிதருக்கு வெளிச்சத்தைப் பற்றி என்ன தெரியும்?

புதுசும் மங்கல்தான். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்.

அக்டோபர் 19

முதல் முப்பத்தெட்டுப் பக்கமும் கடலுக்கு அடியில். முடித்து அனுப்பிவிட்டேன். மன்னார்க் கடல் லேசான பச்சை கலந்தது என்று படித்திருந்தேன், அப்படித்தான் போட்டேன். ஜெனோவா உடனே கூப்பிட்டாள்.

"யக்கா, என்னா நீலம்க்கா! பாக்கப் பாக்க மூச்சு முட்டுது!"

பச்சை கலந்திருக்கிறேனே, இவள் நீலம் என்கிறாளே என்று நினைத்தேன். பாராட்டும்போது எதற்குக் குறுக்கே பேசுவது? அண்ணாச்சியும் பிரமாதம் என்றார். ராத்திரி பாயசம் வைத்தேன்.

அக்டோபர் 24

தீபாவளிச் சேலைக்குக் கறுப்பு ரவிக்கைத் துணி எடுத்து வந்தேன். தையல்கார அம்மா பிரித்துப் பார்த்துவிட்டு, "இது கருநீலமால்ல இருக்கு, வச்சுப் பாக்கலையா?" என்கிறாள். நிறத்திலேயே பிழைப்பு நடத்துகிறவளிடம்! நேரே கடைக்குப் போய் நல்ல கேள்வி கேட்டுவிட்டு வந்தேன். கறுப்பைக் கேட்டால் கருநீலத்தை வெட்டித் தருகிறார்கள், கேட்க நாதி இல்லை என்ற தைரியம்.

இவருடைய வெள்ளைச் சட்டைகளும் பழுப்பேறிக் கிடக்கின்றன. சோப்பை மாற்ற வேண்டும். சொன்னால், சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அக்டோபர் 31

தீபாவளி. மொட்டை மாடியில் நின்று வாணம் பார்த்தோம். ஒவ்வொரு வெளிச்சத்தைச் சுற்றியும் ஒரு புகை வட்டம். நம் ஊரிலேயே சரக்கு இப்படி ஆகிவிட்டதே என்று ஆத்திரமாக வந்தது.

நவம்பர் 4

கதை கரைக்கு வந்துவிட்டது. மணல், பனை, குடிசை, நாச்சியின் தங்கைக்கு நலங்கு. முகமெல்லாம் மஞ்சள் பூசி உட்கார்ந்திருக்கிறாள். மூன்று நாளாக அந்த முகத்தோடுதான் குடித்தனம். மஞ்சள் கொஞ்சம் போட்டாலே திரையில் அதிகமாகத் தெரிகிறது. குறைத்துக் குறைத்துச் சரி செய்தேன்.

நவம்பர் 9

அண்ணாச்சி அச்சகத்துக்கு வரச் சொன்னார். போனேன்.

அங்கே யாரும் விளக்கு வெளிச்சத்தில் நிறம் பார்ப்பதில்லை. சோதனைக்கு அடித்த புரூஃப் தாளை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிடிப்பார்கள். அண்ணாச்சி ஒரு முனையையும் மெஷின்காரர் ஒரு முனையையும் பிடித்துக்கொண்டார்கள். அறுபத்து மூன்றாம் பக்கம், நலங்கு.

"தாயி, கல்யாணப் பொண்ணு மூஞ்சி செத்தவ மூஞ்சியால்ல இருக்கு? மஞ்சளையே காணோம். மணலு பாருங்க, சாம்பலக் கொட்டுன மாதிரி."

எனக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. "இதுக்கு மேல மஞ்சள் போட்டா அது நலங்கு இல்ல அண்ணாச்சி, காமாலை" என்றேன். மெஷினில் மஞ்சள் மை ஒழுங்காக ஓடியிருக்காது என்றும் சொன்னேன்.

"எங்கிட்ட மை சரியாத்தாம்மா ஓடுது" என்றார் மெஷின்காரர். பிறகு அவர் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி அவரைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவே இல்லை.

நவம்பர் 10

ஜெனோவா போன் பண்ணினாள். தயங்கித் தயங்கிப் பேசினாள். "அக்கா, எழுபதாம் பக்கத்துல நாச்சி சேலையில நான் போட்ட மடிப்பெல்லாம் காணுமே. கருநீலம்தான சொன்னேன்? நீங்க கறுப்ப ஊத்திட்டியளோ?"

கறுப்புக் கோட்டுக்கு அடியில் கறுப்பு நிரப்பினால் கோடு செத்துப் போகும். வேலைக்கு வந்த முதல் நாள் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்த மடிப்புகளை அவள் இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்திருந்தாள்.

திரையில்தான் கோளாறு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

நவம்பர் 11

வலது கண்ணை மூடிக்கொண்டு திரையைப் பார்த்தேன். இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். பிறகு போய்ச் சாம்பார் வைத்தேன்.

நவம்பர் 12

அண்ணாச்சி நேரில் வந்தார். அவர் வீட்டுக்கு வந்தாலே சேதி நல்லதாக இருக்காது. சென்னையில் ஒரு ஸ்டூடியோ இருக்கிறதாம், கோட்டைக் கொடுத்தால் மென்பொருளே வண்ணம் போட்டுவிடுமாம், மிச்சப் பக்கத்தை அங்கே கொடுக்கலாமா என்று யோசிக்கிறாராம்.

"ஒங்க பேரும் போட்டுருவோம். அவுக பேரும் போட்டுருவோம்."

உடம்பெல்லாம் எரிந்தது. பத்தொன்பது வருடம் காத்திருந்தது, பாதிப் பேருக்கா?

"பாதி வேணாம் அண்ணாச்சி. ஒரு பக்கம் குடுங்க. அதே அறுபத்து மூணாம் பக்கம். நான் திரும்பப் போடுறேன். வெயில்ல வச்சுப் பாருங்க. சரியில்லன்னா எல்லாத்தையும் எடுத்துக் குடுங்க, என் பேரையும் எடுத்துருங்க. சரியா இருந்தா இன்னொருத்தர் பேரு அதுல வரக் கூடாது."

காபியைக் குடித்து முடிக்கும் வரை யோசித்தார். "மூணு நாள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நவம்பர் 13

பழைய வேலைகளைத் திறந்தேன். எதற்கு என்று இங்கே எழுத வேண்டியதில்லை.

நான்கு வருடத்துக்கு முன்னால் போட்ட காலண்டர் மாரியம்மன். மஞ்சள் பூசிய முகம். ஊரே கும்பிட்ட முகம், யாரும் குறை சொன்னதில்லை. கன்னத்தில் மவுஸ் புள்ளியை வைத்து எண்ணைப் பார்த்தேன்: சியான் 0, மெஜந்தா 18, மஞ்சள் 72, கறுப்பு 0. திருச்செந்தூர் முருகன் படத்தின் கடற்கரையிலிருந்து மணல் எடுத்தேன். ராக்கெட் பெட்டியின் வானத்திலிருந்து கருநீலம். எல்லா எண்களையும் இந்த டைரியின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைத்திருக்கிறேன்.

பிறகு அந்தக் கட்டத்தைத் திறந்து வைத்து, எண்ணைத் தட்டித் தட்டி வண்ணம் போட்டேன். திரையில் அந்தப் பெண்ணின் முகம் எனக்குக் காமாலைக்காரியாகத்தான் தெரிந்தது. கை தானாகக் குறைக்கப் போயிற்று. அடக்கிக்கொண்டேன். இத்தனை வருடம் யாரையெல்லாம் கேலி பண்ணினேனோ, அவர்களில் ஒருத்தியாகிவிட்டேன். ஆகட்டும். பக்கத்தை விட மாட்டேன்.

நவம்பர் 15

வாசலில், வெயிலில், தாள்.

அண்ணாச்சி வெகுநேரம் பார்த்தார். மெஷின்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அம்மன் கணக்கா இருக்கும்மா."

"இருக்கும்" என்றேன். அம்மனேதான் என்று சொல்லவில்லை.

"மிச்சத்தையும் நீங்களே முடிங்க" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். "தாயி, ஒருக்கா கண்ண..."

"பக்கம் சரியா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப பக்கத்தப் பாருங்க அண்ணாச்சி."

வீட்டுக்கு வந்தால் இவர் சட்டையை மாட்டிக்கொண்டே, "திங்கக்கிழம மதுரையில ஒரு சோலி இருக்கு. நீயும் வா" என்றார். என்ன சோலி என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 18

மதுரை, கண் ஆஸ்பத்திரி. இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் முற்றிவிட்டது. புரை விழுந்தால் வெறும் மங்கல் மட்டும் இல்லையாம், எல்லாவற்றின் மேலும் ஒரு மஞ்சள் திரை விழுந்துவிடுமாம். அந்த மஞ்சளைத்தான் நான் படத்திலிருந்து குறைத்துக் குறைத்து எடுத்திருக்கிறேன். எத்தனை மாதமாக இப்படி என்று டாக்டரம்மா கேட்டார். பொய் சொல்லவில்லை. குறைத்துச் சொன்னேன்.

திரும்பும்போது பஸ்ஸில் இவர் சொன்னார், "எனக்கு ரெண்டு மாசமாத் தெரியும்."

"தெரிஞ்சா சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ இன்னொரு டியூப்லைட்ட மாத்தச் சொல்லுவ."

சிரித்தேன். சிரித்துக்கொண்டிருந்தவள் அழுதுவிட்டேன். எனக்குப் பயம். இந்தக் கண்ணைத் தவிர என்னிடம் வேறு என்ன இருக்கிறது? வலது கண் ஆபரேஷனுக்கு 28ஆம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் கரைப் பக்கம் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும்.

நவம்பர் 23

ஒரே நாளில் ஐந்து பக்கம். எல்லாம் எண்.

நவம்பர் 27

தொண்ணூறாம் பக்கம் வரை முடிந்தது. கடைசி ஆறு பக்கம் மறுபடியும் கடல். திரும்பி வந்து போட்டுக்கொள்ளலாம்.

நவம்பர் 28

இதை எழுதுவது வெயில்முத்து, செண்பகத்தின் வீட்டுக்காரர். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டைரியில் இன்றைய தேதி விட்டுப் போகக் கூடாது என்று படுத்துக்கொண்டே சண்டை போடுகிறாள். அதனால் எழுதுகிறேன். சட்டை பழுப்பெல்லாம் இல்லை.

டிசம்பர் 2

சட்டை வெள்ளை. சுவர் வெள்ளை. டியூப்லைட் கண்ணைக் கூசுகிறது. ரவிக்கை கருநீலம்தான், அந்தக் கடைக்காரரிடம் போய்ச் சொல்ல வேண்டும். வலது கண்ணால் மட்டும் பார்த்தால் உலகத்தைக் கழுவி வைத்த மாதிரி இருக்கிறது. இடது கண்ணால் பார்த்தால் டீ கொட்டிய மாதிரி. இத்தனை நாள் அந்த டீக்குள்ளேதான் இருந்திருக்கிறேன்.

அப்புறம் கடல் பக்கங்களைத் திறந்தேன்.

பச்சை என்று நான் போட்டதில் பச்சையே இல்லை. நீலம், மேலும் நீலம், அதற்கு மேலும் நீலம். நாச்சியின் இடுப்புத் துணியில் சிவப்புப் போட்டதாக நினைத்திருந்தேன், அது ஏதோ இருட்டு நிறம். முப்பத்தெட்டுப் பக்கமும் தப்பு. இதற்கா பாயசம் வைத்தேன்? வெட்கம் பிடுங்கித் தின்றது.

அண்ணாச்சிக்குப் போன் போட்டு, எல்லாவற்றையும் திரும்பப் போடுகிறேன் என்றேன்.

"அந்தக் கடல்லதான் புத்தகமே நிக்குது. தொட்டீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்!"

"தெரியாமப் போட்ட பக்கத்துக்கு என் பேரு வராது அண்ணாச்சி. நானே வேணாம்னு சொல்றேன்."

போன் கட்டாகிவிட்டது. நான் வைத்தேனா, அவர் வைத்தாரா என்று தெரியவில்லை.

டிசம்பர் 4

ஜெனோவா பஸ் ஏறி வந்துவிட்டாள். அண்ணாச்சி சொல்லித்தான் வந்திருக்கிறாள். கூடவே அவள் அப்பா சிலுவை. முப்பது வருடம் சங்கு குளித்தவர். ஒரு காது கேட்காது, சத்தமாகத்தான் பேசுவார். பக்கங்களைத் திரையில் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நீங்க எத்தன பாகம் எறங்கியிருக்கிய?"

"நான் கெணத்துலகூட எறங்குனது இல்லண்ணே."

"பொறவு எப்படிப் போட்டிய? எட்டுப் பாகத்துல செவப்பே கெடையாதும்மா. கையில வெட்டுப்பட்டா ரத்தம் கறுப்பாத்தான் வரும். மஞ்சளும் போயிரும். இருக்கது இந்த நீலந்தான். எனக்கு மட்டும்தான் தெரியும்னு இருந்தேன்."

ஜெனோவா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம், அப்படித்தான் நினைத்துப் போட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு வரவில்லை.

"கண்ணுல புரைண்ணே. தெரியாமப் போட்டது."

"தெரிஞ்சு வந்தா என்ன, தெரியாம வந்தா என்ன? சரியா வந்துருக்குல்லா?"

அவருக்குப் போதும். எனக்குப் போதாது. தப்பாகச் செய்ததற்குக் கிடைக்கும் பாராட்டை நான் வாங்க மாட்டேன். ஒரு தாளை எடுத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். இரண்டு பாகத்தில் சிவப்பு எப்படி இருக்கும்? நாலில்? வெள்ளைத் துணி? தன் கையே எந்த நிறத்தில் தெரியும்? சோறு ஆறிப்போகும் வரை கேட்டேன். அவரும் சலிக்காமல் சொன்னார். சொல்லும்போது அவர் கை நீந்திக்கொண்டே இருந்தது.

டிசம்பர் 7

முப்பத்தெட்டில் ஒன்பது பக்கம் தப்பு. அவை மேல் தண்ணீரில் நடப்பவை, ஒரு பாகம், இரண்டு பாகம். அங்கே சிவப்பு சாகாது. அந்த ஒன்பதையும் மாற்றினேன். மீதி இருபத்தொன்பதையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, அப்படியே விட்டேன். இப்போது அவை தெரியாமல் போட்டவை இல்லை. தெரிந்து விட்டவை.

அண்ணாச்சிக்குப் போன் பண்ணி, "பேரு போடுங்க" என்றேன். "அப்பாடா" என்றார்.

டிசம்பர் 9

கடைசி ஆறு பக்கம். நாச்சியின் வேடம் கலைந்துவிட்டது, இனி முத்துக் குளிக்கக் கூடாது என்று ஊர் சொல்லிவிட்டது, அவள் தன் பேரிலேயே குதிக்கிறாள். எட்டுப் பாகம்.

எண்கள் என்னிடம் இருக்கின்றன. எந்த இடத்தில் எந்த எண் என்று எண் சொல்லாது. புதுக் கண்ணால் பார்த்துப் போட்டால் கடல் சுத்தமாக, அழகாக, காலண்டர் கடலாக வருகிறது. மூச்சு முட்டவில்லை. இரண்டு பக்கம் போட்டு இரண்டையும் அழித்தேன்.

பிறகு ஒரு கைக்குட்டையை மடித்து வலது கண்ணின் மேல் கட்டிக்கொண்டேன். இடது கண்ணில் இன்னும் புரை இருக்கிறது. அது போதும்.

இவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கண்ணு நல்லானதும் இப்படி ஒரு கோலமா?" என்றார்.

டிசம்பர் 11

இடது கண்ணுக்கு 14ஆம் தேதி கொடுத்திருந்தார்கள். ஜனவரிக்கு மாற்றிக் கேட்டேன். தள்ளிப் போட்டால் கெடுதல் இல்லைதான், ஆனால் ஏன் என்று டாக்டரம்மா கேட்டார். அந்தக் கண்ணில் இன்னும் மூன்று பக்கம் வேலை பாக்கி இருக்கிறது என்றேன். போனிலேயே ஜனவரியில் ஒரு தேதி கொடுத்தார்.

டிசம்பர் 15

முடிந்தது. தொண்ணூற்றாறு. கைக்குட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன்.

டிசம்பர் 20

முதல் பக்கத்தின் புரூஃப். அச்சகத்துக்கு இவரும் வந்தார். கதை, படம், அதன் கீழே என் வரி. அதற்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தார்கள்.

"பேர என்ன கலர்ல போடட்டும்? ஒங்க இஷ்டம் தாயி" என்றார் அண்ணாச்சி.

"தங்கக் கலர்ல போடுவோம்மா, எடுப்பா இருக்கும்" என்றார் மெஷின்காரர். கடல் நீலத்திலேயே போடலாம் என்று ஜெனோவா செய்தி அனுப்பியிருந்தாள்.

"மத்த மூணும் பூஜ்யம். கறுப்பு நூறு" என்றேன்.

அரை மணி நேரத்தில் தாள் வந்தது. அண்ணாச்சி ஒரு முனையைப் பிடித்தார். மறு முனையைப் பிடிக்க வந்த மெஷின்காரரை நகரச் சொல்லிவிட்டு நான் பிடித்தேன். வாசலில் நல்ல வெயில்.

வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். இரண்டிலும் அது கறுப்பாகத்தான் இருந்தது, முழுப் பேரும் இருந்தது.